மாதோட்டக் கரையில் கமராவுடன்

மன்னார் நகரைவிட்டுத் தலைமன்னார் வீதியில் மேற்கு நோக்கிச் சில கிலோமீற்றர் சென்றால், பனங்கூடல்களும் வெண்மணலும் மாறி மாறி வரும் சமவெளியின் நடுவே தாராபுரம் என்னும் கிராமம் எதிர்ப்படும். கொங்கு நாட்டில் அமராவதிக் கரையிலிருக்கும் தாராபுரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதை வாசிக்கும் தமிழகத்து அன்பர்களுக்கு, இது வேறு ஊர் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இது பாங்கோசையோடு விடியும் ஊர். வீதியோரத்துச் சிறு கடைகளில் இடியப்பமும் சம்பலும் சொதியும் ஆவி பறக்கக் கிடைக்கும் ஊர். எவருக்கும் உடைமையில்லாத கழுதைகள், வாகனங்களைச் சிறிதும் பொருட்படுத்தாமல் தார் வீதியின் குறுக்கே நின்று யோசனை செய்யும் ஊர். திருக்கேதீச்சரத்தைப் படம் பிடிக்கப் புறப்பட்டவனுக்கு இஸ்லாமியர் கிராமத்தில் என்ன வேலை என்று யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் கேட்டார். தங்க இடம் கிடைத்தது என்பது ஒரு காரணம். கோயில் வாசலிலேயே தங்கியிருப்பவனுக்கு அந்தக் கோயிலைத் தவிர வேறொன்றும் தெரியாமற் போய்விடும் என்பது மற்றொன்று.

எனக்கு வழித்துணையாக வாய்த்தவர் அவ்வூர் முச்சக்கர வண்டிக்காரர். நான் அவரை நானா என்று அழைத்தேன். அவர் என்னை ஐயா என்றார். "காலத்தால போயிருங்க ஐயா. பத்து மணிக்குப் பொறகு வெயில் வெள்ளையாயிரும், படம் ஒண்டும் சரிவராது" என்று, இத்தொழிலில் பலகாலம் பழகியவர் போலச் சொன்னார். புராதன ஸ்தலங்களைத் தேடி வருபவர்களை ஏற்றி இறக்கி, அவர்கள் எங்கே நிற்கச் சொல்வார்கள், எதைக் கண்டு பெருமூச்சு விடுவார்கள் என்பதையெல்லாம் அவர் கவனித்து வைத்திருந்தார். அவருடைய எச்சரிக்கையில் உண்மை இருந்தது. மன்னார்க் கரையின் வெளிச்சம் மலைநாட்டு வெளிச்சத்தைப் போன்றதன்று. மறைப்பதற்கு மலையோ பெருமரமோ இல்லாத தட்டை நிலத்தில், மணலும் உப்புநீரும் கீழிருந்தும் ஒளியை எறிவதனால், உச்சிப்பொழுதில் நிழலே இல்லாத ஒரு வெறுமை எங்கும் பரவிவிடுகிறது.

மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் மூன்று கிலோமீற்றர் நீளமான பாலவீதியைச் சூரியோதயத்துக்குச் சற்று முன்பு கடந்தோம். 1990இல் யுத்தத்தில் தகர்க்கப்பட்ட பழைய பாலத்துக்குப் பதிலாக 2010இல் திறக்கப்பட்ட புதிய பாலம் இது. இருபுறமும் ஆழமற்ற நீர். வலசைக் காலமாயின் வங்காலைப் பக்கத்துச் சதுப்பில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நிற்பதைக் காணலாம். பாலத்தைத் தாண்டியதும் மாந்தைச் சந்தி. அங்கிருந்து கோயிலுக்குப் பிரியும் பாதை.

மாந்தை, மாதோட்டம், மகாதீர்த்தம் என்று வெவ்வேறு மக்கள் வெவ்வேறு காலங்களில் அழைத்த இத்துறைமுகத்தின் தொன்மையை விவரிக்க ஒரு நூல் வேண்டும். அதன் நிலவமைப்பைக் கண்ணால் கண்டால் மட்டும் பாதி விளங்கிவிடும். குதிரை லாடம் போன்று வளைந்த அகழிகளால் சூழப்பட்ட ஒரு மேடு. அந்த மேட்டின் மத்தியில்தான் இன்றைய கோயில் நிற்கிறது. 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையில் இங்கே நடந்த அகழ்வாராய்ச்சியில் சீனத்துப் பீங்கான் ஓடுகளும் மேற்காசிய மெருகு மட்கலங்களும் வெளிவந்தன. யுத்தம் மூண்டதனால் அந்தப் பணி இடையிலே நின்றது. பின்னர் 2009, 2010 ஆண்டுகளில் மண்ணைச் சலித்துப் பார்த்தவர்களுக்கு மிளகும், ஒற்றைக் கிராம்பு ஒன்றும் கிடைத்தன. கிராம்பு அக்காலத்தில் மலுக்குத் தீவுகளன்றி வேறெங்கும் விளையாத பொருள்; அந்த ஒரு மொட்டின் வயது ஆயிரம் ஆண்டு அளவில் கணிக்கப்பட்டிருக்கிறது. கீழைக் கடலின் மறுமுனையில் காய்ந்த ஒரு மொட்டு எத்தனை கப்பல் மாறி இந்த மேட்டில் வந்து விழுந்ததோ! எனினும், கமராவைத் தூக்கிக்கொண்டு இந்த மேட்டில் எத்தனை நேரம் அலைந்தாலும், கோடைக்குக் காய்ந்த புல்லும் பற்றைகளும் தவிர வேறெதுவும் கண்ணாடிக்குள் அகப்படாது.

இக்கரையில் புகைப்படக்காரனுக்கு நேரும் சங்கடம் இதுவே. தஞ்சாவூருக்கோ பொலன்னறுவைக்கோ போகிறவனுக்குப் பழமை கண்முன் எழுந்து நிற்கிறது. அவன் தகுந்த கோணத்தையும் தகுந்த நாழிகையையும் தேர்ந்துகொண்டால் போதும். மாதோட்டத்திலோ, நின்றது எதுவும் நின்ற இடத்தில் இல்லை. கோயிற் கற்கள் கோட்டைக்குப் போயின. மாதா சுரூபம் காட்டுக்குப் போயிற்று. மக்கள் கடல் கடந்து போய் மீண்டார்கள். மூலலிங்கமே கருவறையைவிட்டு வேறிடம் போயிற்று. ஆகையால், நிற்பதைப் படம் எடுப்பவன் இங்கே பாதிச் சரித்திரத்தைக்கூட எடுக்க மாட்டான். போனவை எங்கே போயின என்று பின்தொடர்ந்து செல்பவனுக்கே இந்த ஸ்தலம் தன்னைக் காட்டுகிறது.

திருக்கேதீச்சரத்தைப் பாடிய நாயன்மார் இருவர். ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தரும் அவருக்குப் பின்னர் சுந்தரரும் பதிகம் பாடியிருக்கிறார்கள். இருவரும் கடல் கடந்து இங்கு வந்தவர்களல்லர், இராமேசுவரக் கரையில் நின்றபடியே பாடினார்கள் என்பது மரபு. பாலாவிக் கரையையும், மரக்கலங்கள் நெருங்கிய துறைமுகத்தையும், சோலைகளையும் அவர்கள் வருணித்திருப்பதைப் படித்துவிட்டு இங்கே வருகிறவனுக்கு, இக்கோயிலின் மிகப் பழைய சித்திரம் இதனை நேரிற் காணாதவர்களால் தீட்டப்பட்டது என்ற எண்ணம் வியப்பைத் தராமல் இராது. நமக்கோ நேரில் வந்து, அனுமதி கேட்டு, வெளிச்சம் பார்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு பித்தானை அழுத்தினாலும் அதிற் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பதில்லை.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தழித்தனர். அதன்பின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இங்கே மேடும் காடும் மட்டுமே இருந்தன. காட்டுக்குள் ஒரு சிவஸ்தலம் புதையுண்டு கிடப்பதைச் சைவ மக்களுக்கு நினைவுறுத்தி, அதனை மீட்க வேண்டுமென்று 1872இல் எழுதியவர் ஆறுமுக நாவலர். அவர் 1879இல் காலமானார். அவர் கண்டது விண்ணப்பத்தை மட்டுமே. 1893இல் அரசாங்கம் ஏலத்தில் விட்ட சுமார் 40 ஏக்கர் நிலத்தை யாழ்ப்பாணத்துச் சைவர்கள் வாங்கினர்; மறு ஆண்டே மண்ணுக்குள்ளிருந்து பழைய லிங்கம் வெளிப்பட்டது. 1903இல் பூசை மீண்டும் தொடங்கியது. பின்னர் 1948இல் திருப்பணிச் சபை ஏற்பட்டு, சேர் கந்தையா வைத்தியநாதன் அதனைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டு உழைத்தார். 1976இல் கும்பாபிஷேகம் நிறைவேறியது. ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகளில் கோயிற் சூழல் இராணுவத்தின் வசமாயிற்று. பல்லாண்டுகள் அங்கே சாதாரண மனிதன் விளக்கேற்ற இயலவில்லை.

இன்று நாம் காணும் கருங்கற் கோயில் இந்திய அரசாங்கத்தின் 326 மில்லியன் ரூபா உதவியுடன், மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரியின் வழிகாட்டலில் எழுந்தது. 2022 யூலை 6ஆம் திகதி அதற்குக் கும்பாபிஷேகம் நடந்தது. எரிபொருளுக்காக நாடு முழுவதும் மைல் கணக்கில் வாகனங்கள் வரிசையில் நின்ற காலம் அது. கும்பாபிஷேகத்துக்கு மூன்றாம் நாள் கொழும்பில் சனாதிபதி மாளிகைக்குள் ஜனங்கள் புகுந்தார்கள். "அண்டைக்கு என்ட வண்டில பெற்றோல் இல்ல ஐயா, சனம் எப்படித்தான் வந்து சேந்துச்சோ" என்று நானா வியந்தார்.

அலுவலகத்தில் அனுமதி கேட்டபோது, கர்ப்பக்கிருகத்தையும் பூசை வேளையையும் தவிர்த்துப் படம் எடுக்கத் தடையில்லை என்றார்கள். மேலாடையைக் களைந்து இடுப்பிற் சுற்றிக்கொண்டு உள்ளே சென்றேன். புதிய கருங்கல்லைப் படம் எடுப்பது மிகவும் கடினமான காரியம். பழங்கோயில்களின் தூண்களில் நூற்றாண்டுக் கணக்கான எண்ணெய்ப் பிசுக்கும், சாய்ந்த முதுகுகளும், பற்றிய கைகளும் சேர்ந்து ஒரு கருமையை ஏற்றி, கல்லின் விளிம்புகளை மழுக்கி, ஒளி வழுகிச் செல்ல இடம் தந்திருக்கும். இங்கே விளிம்புகள் யாவும் கூர்மையாக இருக்கின்றன. உளி பட்ட இடம் வெளிறிச் சாம்பல் பூத்து நிற்கிறது. கைபட்டுக் கறுக்கக்கூடிய உயரத்தில் மட்டும், ஒரு முழ அகலத்துக்கு, மெல்லிய நிழல் போன்ற ஒரு பட்டை ஏறத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பட்டையை மட்டும் நெருக்கத்தில் ஒரு படம் எடுத்தேன். கோபுரத்தை அண்ணாந்து எடுத்த படங்களைவிட அதுவே எனக்குத் திருப்தியளித்தது. கோபுரப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும்: கீழிருந்து அகன்ற கண்ணாடியால் எடுத்து, வானத்தை நீலத்தில் முக்கி எடுத்த அந்தப் படங்களில், சிதம்பரம் எது, நல்லூர் எது, கேதீச்சரம் எது என்று ஊர்ப்பெயரைப் படித்தாலொழிய எவராலும் சொல்லிவிட முடியாது.

1894இல் வெளிப்பட்ட அந்தப் பழைய லிங்கம் இப்போது கருவறையில் இல்லை. கருவறையில் இருப்பது காசியிலிருந்து வருவித்துப் பிரதிஷ்டை செய்யப்பட்டது; பழையது திருச்சுற்றிலே மகாலிங்கம் என்ற பெயரோடு தனியே எழுந்தருளியிருக்கிறது. சிவாசாரியாரன்றி வேறெவரும் தீண்டலாகாத மூர்த்திகளையே கண்டு பழகிய நமக்கு, இந்த மகாலிங்கத்தின் பெருமை விசித்திரமானது. பாலாவித் தீர்த்தத்தை மொண்டு வந்து அடியார்களே தம் கையால் இதற்கு அபிஷேகம் செய்யலாம். மகா சிவராத்திரியன்று இதற்காகவே நாட்டின் நாற்றிசையிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் குடமும் செம்புமாக வந்து வரிசையில் நிற்கிறார்கள். நான் போனது திருவிழா இல்லாத ஒரு சாதாரண நாள். முதிய அம்மா ஒருவர், பாலாவியில் நனைந்த சேலைத் தலைப்பைப் பிழியாமலே, இரு கைகளாலும் ஒரு பித்தளைச் செம்பை ஏந்திக்கொண்டு வந்தார். ஊற்றும்போது அவசரப்படவில்லை, நூல் போல நீரை இறக்கி, கடைசித் துளியும் விழுந்த பின்னர் செம்பைக் கவிழ்த்து ஒருமுறை தட்டினார். பிறகு, லிங்கத்தின் உச்சியிலே உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர் போலச் சற்று நேரம் நின்றார். நீர் கல்லின் மேல் ஒரு மெல்லிய தகடாகப் பரவி, வழிந்து, என் கால்வரை வந்தது. "படம் எடுக்கலாமோ அம்மா?" என்று கேட்டேன். "என்னை ஏன் தம்பி? அவரை எடும்" என்றார். கையும் கல்லும் மட்டும் விழும்படி, முகம் விழாமல், எடுத்துக்கொண்டேன்.

இவ்வளவு பாடுபட்டுப் படம் எடுத்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. புகைப்படக் கலை குழந்தைப் பருவத்தில் இருந்தபோதே, 1858இல், லினேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படைக் கப்டன் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துச் சாசனங்களை இருபத்தொரு படங்களாக எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமான ஒரு சுருளாக்கினார். அழகுக்காக அவர் அதைச் செய்யவில்லை; ஒரு கல் மறைந்தாலும் அதிலுள்ள எழுத்து மறையக் கூடாது என்பதே நோக்கம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் தமிழகத்துக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று எடுத்துச் சேர்த்த படங்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவை. சிறீபுரந்தானிலிருந்து களவுபோய் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் காட்சிக்கு நின்ற நடராஜர் 2014இல் திரும்பி வந்தார் என்றால், அவர் முன்பு அந்தக் கோயிலிலேதான் இருந்தார் என்று சாட்சி சொன்னது அந்தச் சேகரத்திலிருந்த பழைய படமே. பறங்கியர் காலத்துக்கு முன்னிருந்த கேதீச்சரத்துக்கு அத்தகைய சாட்சி எதுவும் இல்லை. சோழர் ஆட்சியில் தாழிகுமரன் என்பவன் மாதோட்டத்தில் இராசராச ஈச்சுரம் என்னும் கோயிலை எடுப்பித்த செய்தியைக் கூறும் கல்லெழுத்து கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது, கோயில் இல்லை.

கோயிற் சுற்றாடலில் நான் கமராவைப் பைக்குள் வைத்துக்கொண்ட இடமும் ஒன்று உண்டு. 2013 டிசம்பரில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்ட இடம் அது. எண்பதுக்கும் மேற்பட்டவை அங்கே எடுக்கப்பட்டன.

தீவுக்குத் திரும்பும் வழியில், பாலத்தடியிலேயே மன்னார்க் கோட்டை. 1560இல் போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பின்னர் திருத்தியமைத்து, 1795இல் ஆங்கிலேயர் வசமான இந்தச் சதுரக் கோட்டையின் நான்கு கொத்தளங்களும் இன்றும் நிற்கின்றன. உள்ளே கூரையிழந்த தேவாலயமும், முட்பற்றைகளும், வெளவால் நாற்றமும் இருக்கின்றன. கேதீச்சரத்துக் கற்களை வண்டியேற்றி வந்து இந்தக் கோட்டையைக் கட்டினார்கள் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. அதை மனத்தில் வைத்துக்கொண்டு மதில் நெடுகத் தடவிப் பார்த்தேன். முருகைக் கல்லும், செங்கல்லும், சிப்பி தெரியும் சுண்ணாம்புச் சாந்துமே எங்கும். ஓரிடத்தில் மட்டும், சுற்றியிருந்த கற்களோடு சேராத, விளிம்பு நேராகச் செதுக்கிய கல்லொன்று படுக்கையாகக் கிடந்தது. கோயிற் படியாயிருக்கலாம், ஒல்லாந்தன் வீட்டு வாசற்படியாகவும் இருக்கலாம். நாலு பக்கமும் நின்று படம் எடுத்தேன். கல்லின் பூர்வாசிரமத்தைக் கமரா சொல்லாது, அது அறிந்தவர்கள் வந்து பார்க்கும்வரை கல் இன்னபடி இருந்தது என்று மட்டும் சொல்லும், அதுவே போதுமானது.

மன்னாரின் கிறிஸ்தவ சரித்திரமும் இதே போன்று இடம்விட்டு இடம் அலைந்ததுதான். தாராபுரத்தைத் தாண்டி மேற்கே போனால் தோட்டவெளி. 1544இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் ஆணையால் மதம் மாறியவர்கள் கொல்லப்பட்டதை நினைவுகூரும் வேதசாட்சிகள் ஆலயம் அங்கே உள்ளது. ஒல்லாந்தர் காலத்துக் கெடுபிடிக்கு அஞ்சி 1670இல் கத்தோலிக்கர்கள் மாந்தையிலிருந்து எடுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடிய மாதா சுரூபமே இன்று மருதமடுவில் எல்லா மதத்தாரும் வணங்கும் மடு மாதா. ஒரே மாந்தையிலிருந்து ஒரு நூற்றாண்டு இடைவெளிக்குள் சிவன் மண்ணுக்குள்ளும் மாதா காட்டுக்குள்ளும் போக நேர்ந்ததை நினைத்தால், 2019 சிவராத்திரிக்கு முதல் நாள் கோயில் வளைவு ஒன்றினைக் குறித்து இவ்விரு சமயத்தாரிடையே எழுந்த பூசல் மனத்தை உறுத்துகிறது. ஒருவர் பட்டது மற்றவர் அறியாத துன்பமன்று.

மாலையில் தாராபுரத்து வீட்டுத் திண்ணையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கையில், நானா தம்முடைய கதையைத் தாமாகவே சொன்னார். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் யாவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது அவர் பள்ளிக்கூடப் பிள்ளை. தீவு மக்கள் பலரைப் போல அவர் குடும்பமும் வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக்குப் போயிற்று. புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் பல வருடங்கள் கழிந்தன. "திரும்பி வந்தப்ப வூட்டுக்கு நாலு செவரு இருந்துச்சு. ஓடு இல்ல, கதவு இல்ல, நெலையும் இல்ல. வாப்பா அந்தச் செவத்தத் தடவிப் பாத்துட்டு, 'இது நம்மட செவருதான்'னாரு" என்றார். பழைய படம் ஏதேனும் உண்டா என்று கேட்டேன். உம்மாவின் பெட்டியிலிருந்து, கடல்நீர் பட்டு ஓரம் கரைந்த கல்யாணப் படமொன்றைக் கொண்டு வந்து காட்டினார். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பின்னால், கவனமின்றி விழுந்திருந்த வீட்டு முகப்பின் மரத்தூண்களையும் வளைவையும் அவர் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அந்த வீட்டுக்கு வேறு சாட்சி இல்லை. அந்தப் படத்தை நான் மறுபடம் எடுத்துக் கொடுத்தேன். அன்று எடுத்தவற்றுள் உறுதியாக உபயோகப்படக் கூடியது அதுவே என்று தோன்றுகிறது.

பள்ளிமுனையிலுள்ள பெருக்க மரத்தையும், தலைமன்னார்த் துறைமேடையையும் பார்க்காமல் எவரும் மன்னாரைவிட்டுப் போவதில்லை, நானும் பார்த்தேன். பெருக்க மரத்தின் அடியைச் சுற்றி வரப் பத்தொன்பது மீற்றருக்கு மேல் நடக்க வேண்டும். அராபிய வணிகர்கள் கொண்டுவந்து நட்டது என்கிறார்கள். தலைமன்னாரில், 1914 முதல் தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிய துறைமேடை துருப்பிடித்துக் கிடக்கிறது. 1964 டிசம்பர்ப் புயலில் எதிர்க்கரைத் தனுஷ்கோடியே அழிந்தது. யுத்தத்தில் நின்றுபோன புகையிரதம் 2015இல் மீண்டும் வந்துவிட்டது, கப்பல் வரவில்லை. தென்கரையில் வரிசையாக நிற்கும் முப்பது காற்றாலைகள் இப்போது எந்தத் திசையில் திருப்பினாலும் படத்துக்குள் வந்துவிடுகின்றன. புராதனச் சின்னங்களைத் தேடி வருபவர்கள் அதற்காக முகஞ்சுளிக்கிறார்கள். நான் அவற்றை ஒதுக்கவில்லை. இக்கரைக்குக் காற்றை நம்பிக் கப்பல்கள் வந்த காலமும் ஒன்று இருந்ததே.

இவ்வழி வர எண்ணும் புகைப்பட அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கேதீச்சரத்துக்குப் போகும் முன்பு, பெருநிலத்தில் தெற்கே அரிப்புக்குப் போங்கள். முத்துக்குளிப்பைக் கண்காணிக்க ஆங்கிலேயரின் முதல் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்த டோரிக் மாளிகை அங்கே இடிந்து நிற்கிறது. ஊரவர்கள் அல்லிராணி கோட்டை என்பார்கள். அது நிற்கும் மண்மேட்டைக் கடல் ஆண்டுக்கு ஆண்டு அரித்துவருகிறது. ஒரு பகுதி ஏற்கெனவே சரிந்து கரையிலே கிடக்கிறது. நாங்கள் போனபோது காற்று பலமாக இருந்தது. கண்ணாடியில் படிந்த உப்பைத் துடைத்துத் துடைத்துப் படமெடுக்க வேண்டியிருந்தது. கடற்பக்கத்துச் சுவரை அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, கல் கல்லாக எடுத்தேன். நிலப்பக்கத்தை எடுப்பதற்குள் சூரியன் இறங்கிவிட்டது. அடுத்து வருபவர் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.